பிழை நீக்கம்

என் ஆய்வேட்டின் முதல் இயல்
ரங்கூனுக்குக் கப்பலேறிய ஓர் அடுத்தாளின் சம்பளச் சீட்டு.
மூன்று வருடக் கெடு, முன்பணம் இவ்வளவு,
கெடு முடியுமுன் திரும்பினால் பிடித்தம் இவ்வளவு.
தேவகோட்டையில் ஒரு பூட்டிய அறைக்குள்
கரையான் விட்டுவைத்த பதினோரு சீட்டுகளைக் கொண்டு
நிறுவனம் என்பது என்ன என்று
இருநூற்று நாற்பது பக்கம் எழுதினேன்.
பட்டம் கொடுத்தார்கள்.

பிறகு முப்பத்தொரு வருடம்
காரைக்குடியில் ஒரே துறை, ஒரே மின்விசிறி.
அதைப் பற்றிக் கட்டுரை எதுவும் எழுதவில்லை.

எழுதியதெல்லாம் கூலியைப் பற்றி.
செக்காலை ரோட்டின் சீடை, முறுக்குக் கம்பெனிகள்,
கானாடுகாத்தானில் பெரிய வீடுகளுக்குள் வந்த ஓட்டல்கள்,
கோட்டையூர் தாண்டி அரிசி ஆலைகள், ஒரு பனியன் யூனிட்.
முதலாளிகள் பலர், நாள்கூலி ஒன்று.
ஐந்து ரூபாய்கூட முன்பின் பிசகாது.
போட்டிச் சந்தை என்று
பலகையில் இரண்டு கோடுகளை வெட்டவிட்டுச்
சம்பாதிக்கிற எனக்கு இது உறுத்தியது.

மோனாப்சனி என்பார்கள்.
பலராய் நின்றாலும் ஒருவன்போல் வாங்குவது.
கலைச்சொல் அகராதி தந்த தமிழ்
வகுப்பில் நாலு முறை சொன்னாலும் நாக்கில் நிற்கவில்லை.
செபஸ்தியம்மாள் என் விளக்கத்தை முழுக்கக் கேட்டுவிட்டு
"போக்கிடம் இல்லைங்கிறீங்க" என்றாள்.
அடுத்த சீடையை உருட்டினாள்.
கட்டுரையின் அடிக்குறிப்பில் அந்தச் சொல் இருக்கிறது.
அவள் பெயர் இல்லை. ரகசியக் காப்பு விதி.

படிவங்களை நிரப்பி வந்தவர் சாத்தையா.
கௌரவ விரிவுரையாளர்.
பங்குனி வெயிலில் மொபெட்டில் புதுவயல் வரை போவார்.
பதினேழாம் கேள்விக்கு மட்டும் குரலைத் தாழ்த்துவாராம்:
இதைவிடக் கூடுதல் சம்பளம் கிடைத்தால் போய்விடுவீர்களா?

அறுநூற்றுப் பதின்மூன்று படிவங்கள்.
கணினியில் ஏற்றிய இரவில் ஒன்று இடறியது.
கல்வி: முனைவர்.
மாத வருமானம்: ஓட்டல் சமையல் உதவியாளருக்கும் கீழே.
பணியில்: ஏழு ஆண்டு. ஒப்பந்தம்: பதினோரு மாதம்.
பதினேழாம் கேள்வியில் கட்டத்தை நிரப்பாமல்
ஓரத்தில் ஒரே சொல், "எங்கே?"

பதிவுப் பிழை என்று முடிவு செய்தேன்.
பூஜ்யம் ஒன்று விட்டுப்போயிருக்கும்.
முனைவர் என்றால் அந்தச் சம்பளம் இருக்காது,
அந்தச் சம்பளம் என்றால் முனைவர் இருக்காது.
நீக்கினேன்.
புள்ளிகள் கோட்டோடு அழகாகப் படிந்தன.
கட்டுரை வெளியானது. ஜெனீவாவில் வாசித்தேன்.

ஓய்வுக்கு இரண்டு மாதம் இருக்கையில்
அலமாரியைக் காலி செய்தபோது மறுபடி கைக்கு வந்தது.
'ழ'வின் வாலை உள்பக்கம் சுழிக்கும் அந்தக் கையெழுத்து
எங்கள் துறை வருகைப் பதிவேடு முழுக்க இருக்கிறது.
வேலை கொடுப்பவர் என்ற இடத்தில்
துறைத் தலைவர் என்று எழுதியிருந்தார்.
அந்த வருடம் அது நான்.

இதழாசிரியருக்கு எழுதினேன்:
படிவம் ஒன்று தவறாக நீக்கப்பட்டது,
சேர்த்துக் கணக்கிட்டிருக்கிறேன்,
திருத்தம் வெளியிட வேண்டுகிறேன்.
மறுநாளே பதில்.
மூன்றாம் தசமம்கூட நகரவில்லை.
முடிவுகளில் மாற்றமில்லை, திருத்தம் அவசியமில்லை.

மேசையில் கோப்பு.
பதினோரு மாதம் முடிவதால் ஒருநாள் பணிமுறிவு,
மறுநாள் மறுநியமனம்.
தேதி தவிர எதுவும் மாறாத தாள்.
படிவத்தை அவரிடம் காட்ட நினைத்தேன்.
காட்டிய பிறகு என்ன சொல்வது என்பதற்கு
என்னிடம் கோட்பாடு இல்லை.
இழுப்பறைக்குள் வைத்தேன்.

சாத்தையா வந்தார். ஆணையை நின்றபடியே வாசித்தார்.
"மேடம், முறிவு ஞாயித்துக்கெழமைல விழுகுது.
ஆடிட்ல கேப்பாங்க. திங்கள்னு மாத்திருங்க."
ஒருநாள் சம்பளம் அவருக்கு.

சிவப்பு மையில் திருத்தினேன்.
ஓரத்தில் சுருக்கொப்பம் வேண்டும் என்று
விரலை வைத்துக் காட்டினார்.